ஒரே மைக், இரண்டு சம்பளம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவாகக் கிடையாது. அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளேயிருந்து பார்த்தால் எல்லா நடைமேடைகளும் தெரியும். கீழேயிருந்து பார்த்தால் கண்ணாடியில் வானம்தான் தெரியும். ஆனால் அவள் குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் யாரும் இல்லை. காய்கறிக் கடையில் "அரைக் கிலோ தக்காளி" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் சட்டென்று திரும்பி, "ஏங்க, ஆஸ்பத்திரி பஸ் போயிடுச்சா?" என்று கேட்பார். அவளும் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொல்லிவிடுவாள்.

அறிவிப்பு அறையில் மைக் ஒன்று, நாற்காலி ஒன்று, ஆட்கள் இரண்டு. காலையில் மைக் அக்கா. மதியத்துக்கு மேல் சீனியர். சீனியர் தங்கமான மனிதர். வரும்போதே, "என்னம்மா, ஏதாவது ரகளையா இன்னைக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். இருவரும் அதே பேருந்துகளை அறிவித்தார்கள், அதே காணாமல் போன பிள்ளைகளுக்கு அம்மாக்களைத் தேடித் தந்தார்கள். ஆனால் சீனியர் நிரந்தரம், அவள் தினக்கூலி. அவர் வாங்கியதில் பாதிதான் அவளுக்கு. தொண்டை கட்டினால் சீனியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. மைக் அக்காவுக்கு உப்புத் தண்ணீர்.

ஒரு முறை, ஒரே முறை, கணக்கு அதிகாரியிடம் போய் இதைக் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எந்தக் கேள்வியையும் ஒரு வார்த்தையில் சாகடித்துவிடுவார்.

"அவர் பதவிம்மா," என்றார். "நீங்க ஏற்பாடு."

"புரியலையே சார்."

"பதவின்னா அரசு ஒத்துக்கிட்டு உண்டாக்கினது. அதுக்குச் சம்பளம் உண்டு. ஏற்பாடுன்னா இப்போதைக்கு ஒருத்தர் உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். அதுக்குக் கூலிதான்."

இப்போதைக்கு என்று உட்கார்ந்து அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. மைக் அக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஏங்க, நான் ஆள் இல்லையாம், ஏற்பாடாம்," என்றாள். கணவர் தையல்காரர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஏற்பாடு என்றும் ஒரு பெயர் வந்தது. கல்லூரிக்குப் போகும் மகள், "ஏற்பாடு, காபி கிடைக்குமா?" என்பாள். மைக் அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் நெஞ்சுக்குள் எரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சீனியர் ஓய்வு பெறுகிற வருடம் வந்தது. பதவி காலியாகிறது. நிலையத்தில் இருந்த எல்லோரும், இனி மைக் அக்காவுக்குத்தான், வேறு யாருக்கு என்றார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்களே குரலைத் தாழ்த்தி, "யாரையாவது போய்ப் பாத்துட்டு வந்துடுங்க," என்றும் சொன்னார்கள். அதில் தப்பில்லை, அந்த அலுவலகத்தின் வரலாறு அப்படி. போன தடவை கிளார்க் வேலைக்கு ஆள் எடுத்தபோது நாற்பது பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். வேலை கிடைத்தவர் அந்த நாற்பதில் ஒருவர் இல்லை. விண்ணப்பமே போடாதவருக்கு வேலை கொடுக்கிற வித்தை எல்லா ஊரிலும் கைவராது.

இந்த நேரத்தில்தான் புது மேலாளர் வந்தார். மைக் அக்காவைவிட வயதில் சின்னவர், ஒல்லியாக, நிமிர்ந்து நடப்பார். வந்த அன்றே பேருந்துகள் கோணலாக நிற்கின்றன என்று நடைமேடை முழுக்கக் கோடு போடச் சொன்னார். டிரைவர்கள் அன்றைக்கே அவருக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீனியரின் இடத்துக்கு ஆள் எடுப்பது பற்றி ஸ்கேல் மேடம் ஒட்டிய அறிவிப்பைப் படித்த நிலையம் வாயைப் பிளந்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சிபாரிசு வந்தால் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போகும். குரல் தேர்வு திரைக்குப் பின்னால் நடக்கும். போட்டியாளர்களுக்கு எண்கள் மட்டுமே உண்டு, பெயர் கிடையாது. தேர்வாளர்கள் மூவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து குரலுக்கு மட்டும் மதிப்பெண் போடுவார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது, யாருக்கும் சலுகை இல்லை.

மைக் அக்காவுக்கு அதைப் படித்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒரு நாள் வருமா என்றுதானே இத்தனை நாள் கிடந்தாள். அன்றைக்கு அவள் அறிவித்த பேருந்துகளெல்லாம் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பின.

மறுநாள் டீக்கடையில் டைம் கீப்பர் அவளைப் பிடித்தார். பேருந்துகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்க்கிறவர். தேர்வாளர் மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஸ்கேல் மேடமும் கணக்கு அதிகாரியும்.

"நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க," என்றார் டைம் கீப்பர். "திரை என்ன திரை. நீங்க வாயைத் தொறந்தா ஊருக்கே தெரியும். கேட்ட உடனே முழு மார்க் போட்டுட்டு நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பண்ணாதீங்க."

"பண்ணித்தான் ஆகணும். கணக்கு சார் என்ன சொல்லிட்டிருக்காரு தெரியுமா? உங்களை எடுத்தா பழைய வருஷத்துக்கெல்லாம் சேர்த்துக் கேப்பீங்களாம். புது ஆளா இருந்தா தொந்தரவு இல்லையாம். அவர் குறைக்கிறதை நான் ஈடு கட்ட வேண்டாமா?"

அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். ஒருவர் அவளுக்காக ஏற்றுவார், ஒருவர் அவளுக்காக இறக்குவார், நடுவில் திரை மட்டும் நியாயமாகத் தொங்கும். வேலை கிடைத்தால், தெரிந்தவர்கள் போட்டுக் கொடுத்தார்கள் என்று ஊர் சொல்லும். கிடைக்காவிட்டால் பதினோரு வருடமும் போச்சு. ஏற்பாடாகவே ஓய்வு பெற வேண்டியதுதான். ஏற்பாட்டுக்கு ஓய்வூதியமும் கிடையாது.

வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னாள். "குரலை மாத்திப் பேசப் போறேன்."

கணவர் தையல் மிஷினை நிறுத்தினார். "எதை மாத்தப் போற?"

"குரலை. எல்லாருக்கும் முகத்தை மறைச்சா போதும். எனக்குக் குரலைத்தானே மறைக்கணும்?"

அதன் பிறகு அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மைக் அக்கா தினம் ஒரு குரலில் பேசினாள். முதலில் கட்டைக் குரல். "சாப்பாடு தயார். சாப்பிட விரும்புவோர் உடனடியாக வரவும்," என்றதும் கணவர், பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டாரோ என்று வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரல். மகள், "அம்மா, சளி பிடிச்ச டீச்சர் மாதிரி இருக்கு," என்றாள். கடைசியில் செய்தி வாசிக்கிறவர்களின் குரல் ஒன்று அமைந்தது. ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக. கணவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்நியமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குரல் சொன்னா நான் பஸ் ஏற மாட்டேன்."

"நீங்க ஏற வேண்டாம். மார்க் போடுறவங்களுக்குத் தெரியாம இருந்தா போதும்," என்று அவர் வாயை அடைத்தாள்.

தேர்வு ஊழியர் ஓய்வறையில் நடந்தது. முதலுதவி அறையின் பச்சைத் திரையைக் கழற்றி வந்து குறுக்கே கட்டியிருந்தார்கள். போட்டியாளர்கள் பின்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றிவிட்டு, வளையலைக் கழற்றிவிட்டு, இருமாமல் வர வேண்டும் என்று உத்தரவு. ஏழு பேர் பூனை மாதிரி உள்ளே வந்தார்கள். மைக் அக்காவின் எண் ஆறு. மூன்றாம் எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். நிலைய வாசலுக்கு எதிரே போன் ரீசார்ஜ் கடை நடத்துகிற பெண். முப்பது வயசு இருக்கும், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. நிலையத்தில் அவளுக்கு ரீசார்ஜ் என்றே பெயர். கடையில் கூட்டம் குறைந்ததால் விண்ணப்பம் போட்டிருந்தாள். மைக் அக்காவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்து, பேசக்கூடாது என்பதால் வாயில் விரலை வைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். ஒரு பேருந்து தாமதம், இன்னொன்றுக்கு நடைமேடை மாற்றம், காணாமல் போன ஒரு சிறுவன். முதல் எண் படித்தது. இரண்டாம் எண் தடுமாறியது. மூன்றாம் எண் வாயைத் திறந்தது.

மைக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய குரல். "பயணிகள் கவனத்திற்கு" என்பதில் அந்த இழுப்பு, நடைமேடை எண்ணைச் சொல்வதற்கு முன் அந்தச் சின்ன மூச்சு, சிறுவனின் சட்டை நிறத்தைச் சொல்லும்போது வருகிற கனிவு, அத்தனையும். பாவம், ரீசார்ஜ் யாரையும் ஏமாற்றவில்லை. எத்தனையோ வருடமாகக் கடையில் உட்கார்ந்து அவள் கேட்ட பெண் அறிவிப்பாளர் மைக் அக்கா ஒருத்திதான். அறிவிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் டைம் கீப்பரின் நாற்காலி சந்தோஷமாகக் கிறீச்சிட்டது.

பிறகு ஆறாம் எண் விறைப்பான குரலில் படித்தது. காணாமல் போன சிறுவனை வங்கி வட்டி விகிதம் மாதிரி சொல்லி முடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் செய்ய வேண்டும் என்பது ஸ்கேல் மேடத்தின் கொள்கை. திரையை விலக்கி, ஏழு பேரையும் நிற்க வைத்து, மதிப்பெண்களை அங்கேயே வாசித்தார். மூன்றாம் எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினார். ஸ்கேல் மேடம் போட்டிருந்தது நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. டைம் கீப்பர் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். கணக்கு அதிகாரி போட்டிருந்தது ஒன்று.

"ஒரே குரல்," என்றார் ஸ்கேல் மேடம். "ஒருத்தர் பத்து போடுறீங்க, ஒருத்தர் ஒண்ணு போடுறீங்க. எப்படி?"

டைம் கீப்பர் அதற்குள் மூன்றாம் எண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், அது வந்து... நான் மைக் அக்கான்னு நெனச்சுப் போட்டேன்."

ஸ்கேல் மேடம் கணக்கு அதிகாரி பக்கம் திரும்பினார். "நீங்க சார்?"

கணக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் அப்படி நெனச்சுத்தான் போட்டேன்."

அறை கொல்லென்று சிரித்தது. ரீசார்ஜுக்கு மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாருக்கோ போட்ட மாலையும் யாருக்கோ எறிந்த கல்லும் ஒன்றாக அவள் தலையில் விழுந்திருந்தன.

"அப்ப மைக் அக்கா யாரு?" என்றார் மேடம்.

ஆறாம் எண் கையைத் தூக்கியது. டைம் கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார். ஆறாம் எண்ணுக்கு அவர் போட்டிருந்தது மூன்று.

"ஏன் குரலை மாத்துனீங்க?" மேடம் கோபமாகத்தான் கேட்டார்.

மைக் அக்கா இப்போது தன் குரலிலேயே பேசினாள். "மேடம், நீங்க எல்லார் முகத்தையும் மறைச்சீங்க. நல்லதுதான். ஆனா ஊருக்குத் தெரிஞ்சது என் முகம் இல்லை, குரல். அதை நீங்க மறைக்கலையேன்னு நானே மறைச்சுக்கிட்டேன். எனக்கு யாரும் ஏத்தியும் போட வேண்டாம், எறக்கியும் போட வேண்டாம்."

மேடத்தின் உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சிரித்துவிட்டார். தன்னுடைய திட்டத்தைப் பார்த்துத் தானே சிரிக்கிற அதிகாரியை அந்த நிலையம் அதற்கு முன் பார்த்ததில்லை. தேர்வு ரத்து என்று அங்கேயே சொன்னார். ஆனால் வேறு எப்படி நடத்துவது என்பது அவருக்கும் விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவர். போட்டியாளர்களைக் கூட்டி வந்து விடும் வேலையாக அங்கே நின்றிருந்தார். அவரைப் போல ஒரு சிடுமூஞ்சி அந்த வட்டாரத்தில் இல்லை. நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

"மார்க்கே போட வேண்டாம் மேடம்," என்றார் எரிச்சலாக. "மைக்ல சரியா சொன்னா என் ஜன்னலுக்கு ஆள் வராது. சொதப்பினா, என்ன சொன்னாங்க என்ன சொன்னாங்கன்னு வந்து உயிரை எடுப்பாங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம் மைக்ல உக்கார வைங்க. என்கிட்ட எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணுங்க. யார்கிட்ட குறைவோ அவங்களை எடுங்க. எனக்கும் புண்ணியமா போகும்."

அப்படியே முடிவானது. தினம் ஒருவர், கூட்டம் நெரிகிற அதே காலை நேரத்தில். ஜன்னல் பக்கத்தில் ஒரு கரும்பலகை. வந்து கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஜன்னல்காரர் ஒரு கோடு போட வேண்டும்; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிலையத்துக்கே இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. ஒரு நாள் உட்கார்ந்தவருக்குச் சினிமா மாதிரி குரல். பயணிகள் எல்லோரும் அண்ணாந்து நின்று ரசித்தார்கள். பேருந்து போன பிறகு ஜன்னலில் போய் முட்டினார்கள். ரீசார்ஜ் நன்றாகச் செய்தாள். ஒரு பேருந்து பழுதாகி நின்றபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு சமாளித்துக்கொண்டு, பாலத்துக்குப் போகிறவர்கள் சந்தை வழி பேருந்தில் ஏறலாம் என்று தெளிவாகச் சொன்னாள். அவளுக்குத்தான் அதுவரை கோடுகள் மிகக் குறைவு.

மைக் அக்காவின் முறை வந்தது. பழகிய நாற்காலிதான். ஆனாலும் அதை இரண்டு முறை நகர்த்திப் போட்டாள். முதல் அறிவிப்பைச் சொன்னதும் நாற்காலியின் ஞாபகமே போய்விட்டது. லாரி ஒன்று இரைச்சலோடு போக, அது போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். போனதும் நடைமேடை எண்ணைச் சொன்னாள். கண்ணாடி வழியாகக் கரும்பலகையைப் பார்த்தாள். கோடே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்தும் கோடே இல்லை. அவளுக்கே சந்தேகம் வந்தது. எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். விசாரணை ஜன்னலுக்கு முன்னால் பேப்பர் கடைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளுடைய பரம ரசிகர். ஜன்னலை நோக்கி யார் வந்தாலும், "என்ன வேணும்? எங்கிட்ட கேளுங்க. அங்க போகாதீங்க, நம்ம அக்காவுக்குக் கோடு விழுந்துடும்," என்று வழியிலேயே மடக்கிப் பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஜன்னல்காரர் சாக்பீஸோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததே இல்லை.

மைக் அக்கா ஸ்விட்சின் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனால் பதவி அவளுக்குத்தான். அவள் எதுவும் கேட்கவில்லை, சொல்லவில்லை. யாரோ அன்பில் செய்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. தைத்துத் தைத்து மங்கிக்கொண்டு வரும் கணவரின் கண்பார்வை நினைவுக்கு வந்தது. ஏற்பாடு என்ற வார்த்தையும் வந்தது. மனசு நன்றாகவே ஆசைப்பட்டது. அவள் ஒன்றும் கல் இல்லை. ஆனால் எதிர்ப்புறம் ரீசார்ஜ் கடையின் பலகை கண்ணில் பட்டது. தடுமாறியபோது அந்தப் பெண்ணுக்காக யாரும் ஜன்னலை மறைக்கவில்லை. சிபாரிசு என்று இத்தனை நாள் அவள் திட்டியது, இப்போது அவள் பக்கம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்விட்சை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு. சந்தேகம் உள்ளவர்கள் பேப்பர் கடையில் கேட்க வேண்டாம். விசாரணை ஜன்னலில் மட்டும் கேட்கவும். ஜன்னலை மறைத்து நிற்பவர் தயவுசெய்து தன் கடைக்குத் திரும்பவும்."

நிலையமே சிரித்தது. பேப்பர் கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விலகினார். காத்திருந்தவர்கள் மாதிரி ஆட்கள் ஜன்னலுக்குப் போனார்கள். ஜன்னல்காரர் மாடியை ஒரு முறை முறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணிக் கோடு போடத் தொடங்கினார். ஒவ்வொரு கோடும் மைக் அக்காவின் வயிற்றில் விழுந்தது. விழட்டும் என்று அடுத்த பேருந்தை இன்னும் நிதானமாகச் சொன்னாள். பள்ளிக்கூடம் வழியாகப் போகுமா போகாதா என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஜன்னலுக்குக் கிளம்பிய இரண்டு பேர் பாதியில் திரும்பினார்கள்.

கடைசியில் ரீசார்ஜுக்கும் அவளுக்கும் நாலே நாலு கோடுதான் வித்தியாசம். குறைவு மைக் அக்காவுக்கு. அந்த நாலு கோட்டில் யாருடைய அன்பும் இல்லை, யாருடைய பயமும் இல்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றபோது கண் கலங்கியது. டைம் கீப்பர் பக்கத்தில் வந்து, "நான் சொன்னேன்ல, உங்களுக்குத்தான்னு," என்று பெருமையடித்துக்கொண்டார். மூன்று மார்க் போட்டதை அவர் அதற்குள் மறந்துவிட்டிருந்தார்.

பணியில் சேர மேடத்தின் அறைக்குப் போனாள். கணக்கு அதிகாரியும் இருந்தார். அவள் காலி செய்கிற தினக்கூலி இடத்தில், தேர்வில் இரண்டாவதாக வந்த ரீசார்ஜை வைத்துக்கொள்வதாக மேடம் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றாள் மைக் அக்கா. "சம்பளம்?"

"அது தினக்கூலிதான்," என்றார் கணக்கு அதிகாரி. "அது பதவி இல்லையே, ஏற்ப..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "சார், நேத்து வரைக்கும் நான் பாதி. இன்னைக்கு முழுசு. தொண்டை அதேதான். நேத்து ராத்திரி நான் தூங்கத்தான் செஞ்சேன், வேற ஒண்ணும் செய்யலை. ஜன்னல்ல கோடு போட்டப்போ, தினக்கூலி ஆளா இருந்தா அரைக் கோடுன்னு போட்டோமா? தப்புக்கு முழுக் கோடு, வேலைக்கு அரைச் சம்பளமா?"

கணக்கு அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் மேசை மேல் பென்சிலை நேராக வைத்தார், மறுபடி நேராக வைத்தார்.

"இதை மேலிடத்துல கேக்கணும்," என்றார். "கேக்கறேன்."

கேட்டார். கோப்பு மேலே போனது, கேள்வியோடு கீழே வந்தது, பதிலோடு மறுபடி மேலே போனது. ரீசார்ஜ் அதுவரை பாதிக் கூலியில் உட்கார்ந்தாள். மைக் அக்கா மாதம் தவறாமல் கணக்கு அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "சார், என்ன ஆச்சு?" என்பாள். சத்தம் போட மாட்டாள். ஆனால் அந்தக் குரலில் கேட்டால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இவள் தொல்லை தாங்காமலோ, அல்லது அந்த ஒரு மார்க் உறுத்தியோ, மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவரே உட்கார்ந்து விதிகளைப் புரட்டினார். ஒரே வேலை செய்கிற தினக்கூலிக்கும் நிரந்தரத்துக்குச் சமமாக நாள் சம்பளம் கணக்கிடலாம் என்று ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அந்த வரி வெகு காலமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. அடுத்த தடவை கோப்பு கீழே வந்தபோது கையெழுத்தோடு வந்தது. ரீசார்ஜிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மாதச் சம்பள நாளில், பணிமாறுகிற நேரத்தில், மைக் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரீசார்ஜ் நாற்காலியில் உட்காரப் போனாள். இருவர் போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. ரீசார்ஜ் தன்னுடையதைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. போனோடு புழங்கியே வளர்ந்தவள், தப்பு எங்கே என்று இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, பேங்க்ல தப்பா போட்டுட்டாங்கக்கா. ரொம்பக் கூட வந்திருக்கு. திருப்பிக் கேப்பாங்களா?"

மைக் அக்கா கையை நீட்டி அந்தப் போனை வாங்கினாள். தன் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் வந்திருந்தது ஒரே தொகைதான்.

"தப்பா போட்டது உனக்கு இல்லடி," என்றாள். "எனக்கு. பதினோரு வருஷமா."

"அப்ப அதுக்கு?"

"அதுக்கு யாரும் தர மாட்டாங்க."

சொல்லும்போது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரீசார்ஜின் முகம் வெளுப்பு மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து மலர்வதைப் பார்த்தபோது, அந்தப் பழைய பணம் தனக்கே வந்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று தோன்றியது. போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"சரியாத்தான் வந்திருக்கு," என்றாள். "வெச்சுக்கோ."